கடந்தையை விரட்டிய கை

அன்பு மகனுக்கு,

ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற ஒருவனைப் பற்றி வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். என்ன செய்ய? போன வாரச் சண்டைக்குப் பிறகு நீ என்னிடம் நேராகப் பேசுவதில்லை. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லும்மா" என்று நீ சொல்வதும், "அவனை முதலில் சாப்பிடச் சொல், எனக்குப் பசியில்லை" என்று நான் சொல்வதும், நடுவில் உன் அம்மா கரண்டியோடு நின்று இரண்டு பேரையும் முறைப்பதுமாக வீடு நடக்கிறது. உட்கார்ந்து பேசலாம் என்றால் எனக்கும் குரல் ஏறுகிறது, உனக்கும் ஏறுகிறது. சொல்ல வந்தது எது என்று கடைசியில் இருவருக்குமே மறந்துபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இதை உன் அம்மாவிடம் கொடுத்து வைக்கிறேன். நாளைக் காலை நீ குளித்துவிட்டு வந்ததும் தருவாள். முழுதும் படிக்காமல் கோயில் மைதானத்துக்குக் கிளம்பாதே.

நாளைக்குப் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல். கிருஷ்ணகிரியிலிருந்து அதிகாரி வருவார். புளியமரத்தடியில் மேசை போடுவார்கள். ஒரு பக்கம் நீ, ஊர்க்கவுண்டர் மகன், இதற்காகவே ஓசூரில் பார்த்த வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்தவன். இன்னொரு பக்கம் நாகப்பன், நம் காட்டில் ஆயுசெல்லாம் பாடுபட்ட மாரப்பனின் மகன், விடியற்காலை பஸ் பிடித்துப் பெங்களூர் தொழிற்சாலைக்குப் போய்த் திரும்புகிறவன். அதிகாரி ஒரு பெயரைச் சொல்வார். அந்த ஆளுக்கு வேண்டியவர்கள் கை தூக்குவார்கள். அவர் எண்ணி எழுதிக்கொள்வார். நம் ஊர்த் தேர்தல் அவ்வளவுதான். ஆனால் ஊர் பார்க்கப் போவது அதிகாரியின் வாயை அல்ல, என் வலது கையை. அது யாருக்கு மேலே போகிறதோ அவன் தலைவன். இது உனக்கும் தெரியும், நாகப்பனுக்கும் தெரியும். போன வாரம் நாம் சண்டை போட்டதும் இந்தக் கையைப் பற்றித்தான்.

உன் ஆசியாப் படத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்குத் தூக்கம் கெட்டதே அதனால்தான். நீ கல்லூரி முடித்து வந்த புதிதில், துணியில் ஒட்டிய அந்தப் பெரிய படத்தை வாங்கிவந்து கூடத்தில், ராகி மூட்டை அடுக்குகிற சுவரில் மாட்டினாய். சாயங்காலமானால் கதை கேட்கிற மாதிரி ஆட்கள் கூடிவிடுவார்கள். ராஜா ஆளுகிற நாட்டுக்கு மஞ்சள், ஒரே கட்சி ஆளுகிற நாட்டுக்குச் சிவப்பு, பட்டாளம் ஆளுகிற நாட்டுக்குக் காக்கி, ஓட்டுப் போட்டு ஆளை மாற்றுகிற நாட்டுக்குப் பச்சை என்று நீ பென்சிலால் தீட்டிக்கொண்டே போவாய். ஜப்பானில் சக்கரவர்த்தி உண்டு, ஆனால் ஆட்சி நடத்துவது சபை என்று சொல்லி அதற்கு மட்டும் இரண்டு கலர் கோடு போட்டாய். சீனம் முழுக்கச் சிவப்பு. இலங்கையில் ஓட்டும் உண்டு, சீமையில் இருக்கிற ராணியும் உண்டு என்றபோது உன் பெரியப்பா, "ரெண்டு பெண்டாட்டிக்காரன் பொழப்பு" என்றார். மலாய் நாட்டுக் கதைதான் எல்லோருக்கும் பிடித்தது. அங்கே பல சுல்தான்கள், அவர்களுக்குள்ளேயே கூடி ஒருவரைச் சில வருஷத்துக்கு ராஜாவாக வைத்துக்கொள்கிறார்கள் என்றாய். கிணற்றில் முறை வைத்துக் கவலை மாடு ஓட்டித் தண்ணீர் இறைப்பது போல ராஜா பட்டத்துக்கும் முறையா என்று கூடமே சிரித்தது.

அப்புறம் சிரிப்புக் குறைந்தது. நீ பேப்பர் படித்துச் சொல்லச் சொல்ல, ஈராக்கில் ராஜாவைச் சுட்டுவிட்டார்கள், பட்டாளம் வந்துவிட்டது. பாகிஸ்தானும் பட்டாளத்தின் கைக்குப் போயிற்று. பர்மாவில் பிரதம மந்திரியே கூப்பிட்டுச் சேனாதிபதியிடம் ஒப்படைத்துவிட்டார். போன வருஷம் முழுக்க நீ மஞ்சளையும் பச்சையையும் அழித்துக் காக்கி தீட்டிக்கொண்டே இருந்தாய். பெட்டியில் அந்த ஒரு பென்சில்தான் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தது. "ஏன் எல்லாரும் ஒத்துக்கிறாங்க?" என்று கேட்டேன். "ஊழல் பண்றவங்களை விரட்டிட்டு நல்லது செய்யறேன்னு சொல்றாங்கப்பா. சனங்களும் நம்பிடறாங்க" என்றாய். அதை ஞாபகத்தில் வை. இந்தக் கடிதத்தில் அது திரும்பி வரும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நாகப்பனும் வந்திருந்தான். வாசற்படிக்கு வெளியே நின்றுதான் கேட்டான். எல்லோரும் எழுந்து போகிற நேரத்தில், "அண்ணா, நம்ம ஊருக்கு என்னா கலருங்க?" என்றான். நீ சிரித்தாய். "இதென்ன கேள்வி நாகப்பா? இந்தியா பச்சை. நம்ம ஊர் இந்தியாவுலதானே இருக்குது?" என்றாய். "சரிங்க" என்று சொல்லிவிட்டு அவன் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நீ பென்சில்களைப் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாய். உனக்கு அது தெரியாது. எனக்குச் சுருக்கென்றது. சின்னப் பயலுக்கு என்ன திமிர் என்றுதான் முதலில் நினைத்தேன். படுத்த பிறகுதான் அந்தக் கடந்தைக் குளவி ஞாபகத்துக்கு வந்தது.

கடந்தைக் கதை உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். நீ சேலத்தில் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. லீவில் வந்தபோது உன் பெரியப்பா நடித்துக் காட்ட நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அதில் பாதிக் கதைதான் உண்டு. மீதியை நான் யாருக்கும் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை.

அப்போதும் இதே தேர்தல்தான், இதே புளியமரம். மில்லுக்கார வெங்கடப்பா ஒரு பக்கம், சின்னத்தம்பி இன்னொரு பக்கம். குடிதண்ணீர்க் கிணறு ஒன்றுக்கு சர்க்கார் பணம் வரப்போகிறது என்று பேச்சு. சின்னத்தம்பி அதைக் கீழ்த்தெருவில் வெட்டுவேன் என்று சொல்லியிருந்தான். நம் காட்டு வேலைக்காரர் குடும்பம் எல்லாம் அங்கேதானே இருக்கிறது, பெண்கள் ஏரிக்குள் ஊற்றுத் தோண்டித்தானே தண்ணீர் எடுக்கிறார்கள். நானும் சின்னத்தம்பிக்குத்தான் கை தூக்குவது என்று முடிவு பண்ணிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். அதிகாரி முதலில் வெங்கடப்பா பெயரைச் சொன்னார். அந்த நேரம் பார்த்து மரத்திலிருந்து ஒரு கடந்தைக் குளவி இறங்கி என் தலைப்பாகையைச் சுற்றியது. விரட்டக் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான் மகனே. எனக்குப் பின்னால் துணி உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கிறேன், மைதானம் பூராவும் கை.

"ஐயா, இல்லை, குளவிங்க! குளவி!" என்று எழுந்து கத்தினேன். கத்தும்போதும் கை மேலேதான் இருந்தது, ஏனென்றால் கடந்தை இன்னும் போகவில்லை. ஊர் சிரித்தது, கவுண்டர் தமாஷ் பண்ணுகிறார் என்று. அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "எண்ணி எழுதியாச்சுங்க கவுண்டரே. ஒருத்தர் கையை இறக்கினாலும் அவர்தானே ஜெயிக்கிறார்?" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். சின்னத்தம்பிக்கு அவன் மாமனாரும் அவனும் மட்டும் தூக்கினார்கள். அதையும் எழுதிக்கொண்டு அதிகாரி கிருஷ்ணகிரி பஸ்ஸுக்குப் போய்விட்டார். வெங்கடப்பா கிணற்றைத் தன் மில்லுக்குப் பின்னால் வெட்டிக்கொண்டது உனக்குத் தெரியும். உன் பெரியப்பா கதையை முடிப்பது இங்கேதான்.

மீதிக் கதை மறுநாள் காட்டில் நடந்தது. மாரப்பன் மடை திருப்பிக்கொண்டிருந்தான். எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை, போய்ச் சத்தம் போட்டேன். "ஏன்டா, உங்க தெருவுக்கு வர வேண்டிய கிணறுடா அது. கையைத் தூக்கிக் கொடுத்துட்டு வந்திருக்கீங்களே, புத்தி இருக்குதா?"

"நீங்க தூக்கினீங்க, சாமி."

"அது கடந்தைடா!"

"தெரியுங்க. நாங்களும் பாத்தமே, தலப்பாவச் சுத்திச் சுத்தி வந்துச்சே" என்றான்.

"தெரிஞ்சுமா தூக்கினே?" என்றேன். மாரப்பன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஏதோ கணக்குத் தெரியாத குழந்தைக்குச் சொல்கிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னான். "ஒரு வேள நெசமாவே தூக்கியிருந்தா என்னா பண்றதுங்க சாமி?"

இதைச் சொல்லிவிட்டு அவன் மடை திருப்பப் போய்விட்டான். நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். நான் யாரையும் கை நீட்டி அடித்தவனில்லை. கூலியைக் குறைத்ததில்லை. ஓட்டுக்காக ஒருவனை மிரட்டியதில்லை. என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்தான் இருந்தது. அப்படிப்பட்ட என் கைக்குத்தான் இத்தனை பேர், குளவி என்று தெரிந்தும், தங்கள் வீட்டுத் தண்ணீரைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அன்றைக்குப் பயமாக இருந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது.

இதே மாரப்பனை நான் வேறு மாதிரியும் பார்த்திருக்கிறேன். டெல்லிக்கும் மதராசுக்கும் ஆள் அனுப்ப முதல்முதலாகப் பொது ஓட்டு நடந்தபோது, பள்ளிக்கூடத்து அறையில் மறைப்புக் கட்டி, உள்ளே தேர்தலில் நிற்கிற ஆளுக்கொரு பெட்டி வைத்திருந்தார்கள். எந்தப் பெட்டியில் போட்டோம் என்று யாருக்கும் தெரியாது. மாரப்பன் உள்ளே போய் வெகு நேரம் வரவில்லை. வெளியே வந்தபோது அவன் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு. "என்னடா, உள்ளே என்ன பண்ணினே இவ்வளவு நேரம்?" என்றேன். "உள்ள யாருமே இல்லீங்க சாமி" என்றான். யாருக்குப் போட்டான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உங்களுக்குப் பிடித்த பெட்டியில்தான் என்று சொல்லியிருப்பான், அது பொய்யாகவும் இருந்திருக்கலாம். அந்தப் பொய்யைச் சொல்ல அவனுக்கு ஒரு மறைப்புத் துணி வேண்டியிருந்தது. நம் பஞ்சாயத்துக்கு அந்தத் துணி இன்னும் வரவில்லை. நாகப்பன் கேட்டானே நம் ஊர் என்ன கலர் என்று, அந்த மறைப்புக்குள்ளே மாரப்பன் நின்ற நேரம் மட்டும் பச்சை.

இதை உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. அவள் ஆனேக்கல்லில் பிறந்தவள். நாங்கள் கல்யாணம் பண்ணிய காலத்தில் அந்தப் பக்கம் மைசூர் ராஜா, இந்தப் பக்கம் வெள்ளைக்காரன். அத்திப்பள்ளிக்குப் போனாலே வேறு சர்க்கார். ராஜா கார் ரோட்டில் போனால் அவளுடைய அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பாராம். அதைச் சொல்லி நான் அவளை எத்தனை கேலி செய்திருக்கிறேன், ராஜா வீட்டுப் பெண்ணே ராஜா வீட்டுப் பெண்ணே என்று. அன்றைக்கு அவள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாள். "ஏன்ரீ" என்றாள், கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் முன்னால் வரும். "எங்க ராஜா மைசூர்ல இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை செருப்பக் கழட்டினா முடிஞ்சுது. இங்க ராஜா தெனமும் வாசல்ல நின்னு பல்லு வெளக்கறார். பாவம், இவங்க எப்பத்தான் செருப்புப் போடறது?" ராஜ்ஜியங்களைப் பிரித்துக் கோடு போட்ட சமயத்தில், நாம் தமிழோடு இருப்பதா கன்னடத்தோடு போவதா என்று ஊர் தவித்ததே, அப்போதும் என்னிடம் வந்துதான், "நாம எந்தப் பக்கங்க கவுண்டரே?" என்று கேட்டார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவனும் கேட்டான், கன்னடம் பேசுகிறவனும் கேட்டான். நான் அதைப் பெருமையென்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது நம் சண்டைக்கு வருகிறேன். போன வாரம் வெங்கடப்பா தன் ஆட்களோடு வீட்டுக்கு வந்தான். இந்தத் தடவை அவன் நிற்கவில்லை, உன் பக்கம். "நீங்க ஒண்ணும் பேச வேணாங்க. முன்னால வந்து உக்காந்தா போதும்" என்றான். அவன் சொன்னது எனக்கு உறைக்கவில்லை. அவன் போன பிறகு நீயும் அதையே சொன்னாய். "வந்து உக்காருங்கப்பா, அது போதும். நான் கெட்டதா செய்யப் போறேன்? முதல் வேலையா கீழ்த்தெருவுக்குக் கிணறு வெட்டறேன். பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாத்தறேன். நல்லது செய்யத்தானே கேக்கறேன்?"

நீ செய்வாய். எனக்கு அதில் கடுகளவு சந்தேகமில்லை. கிணறு வெட்டுவாய், வெங்கடப்பாவுக்கு ஒரு பிடி மண்ணும் விட மாட்டாய். ஆனால் அதே கூடத்தில், அதே படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, "நல்லது செய்யத்தானே" என்று நீ சொன்னபோது எனக்கு அந்தத் தேய்ந்துபோன பென்சில்தான் கண்ணில் பட்டது. நான் அதைச் சொல்லவும் நீ வெடித்தாய். "என்னைப் பட்டாளத்துக்காரன்கறீங்களா? அப்ப நாகப்பனுக்குத் தூக்கிடுங்க, போங்க!" என்று படத்தை ஆணியிலிருந்து பிடுங்கிச் சுருட்டி மூட்டைமேல் எறிந்துவிட்டுப் போனாய். அதன் பிறகு நீ பேசவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று, மறுநாள் நாகப்பன் வந்தான். வேலை முடிந்து வந்த பேன்ட்டோடு மாட்டுக்கொட்டகைப் பக்கம் வந்து நின்றான். என் ஆதரவைக் கேட்டுத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து, எப்படி இல்லையென்று சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவன் உட்காரவும் இல்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. "கவுண்டரே, எனக்குத் தூக்கிடுவீங்கன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு. தூக்கிடாதீங்க" என்றான்.

"ஏன்டா, ஜெயிக்க வேணாமா உனக்கு?"

"நீங்க தூக்கினா ஜெயிச்சுருவேங்க. அப்புறம் எங்க தெருவுல கெணறு வந்தாலும் கவுண்டர் கொடுத்த கெணறும்பாங்க. எங்கப்பன் தெனம் அந்தத் தண்ணியக் குடிக்கும்போது உங்கள நெனச்சுக்கணும்" என்றான். குரலில் மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். என் கை வேண்டாமென்று என் வீட்டிலேயே வந்து சொன்ன முதல் ஆள் அவன்தான். "போடா, எனக்குத் தெரியும்" என்று அனுப்பிவிட்டேன். போகும்போது கொட்டகைக் கதவை மாடு வெளியே வராதபடி சாத்திவிட்டுத்தான் போனான்.

அதிலிருந்து இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் யோசிக்கிறேன். உனக்குத் தூக்கினால் கடந்தைக் கதைதான் மறுபடியும். நாகப்பனுக்குத் தூக்கினாலும் அதேதான், ஆள்தான் மாறும். அவரவர் இஷ்டம் என்று சொல்லிவிடலாமே என்பாய். சொல்லிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லோரையும் வைத்துக்கொண்டு, "இந்தத் தடவை அவங்கவங்க இஷ்டப்படி தூக்குங்கப்பா" என்றேன். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். திருநீறு வாங்கிக்கொண்டு திரும்புகிறபோது ஒருவர் என் காதருகே வந்து, "சரிங்க கவுண்டரே, எந்தப் பக்கம் இஷ்டப்படணும்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். சரி, கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "நீங்க கையக் கட்டினா ஊரே கையக் கட்டிட்டு உக்காரும். அதிகாரி திரும்பிப் போக வேண்டியதுதான்" என்றாள். உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டால் கட்டிலைச் சுற்றி வந்து நின்று முகத்தைப் படிப்பார்கள். ஓசூருக்குப் போய்விட்டால் சைக்கிளில் ஆள் அனுப்பிக் கேட்பார்கள்.

ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. நாளை நான் அங்கே இருக்கப் போவதில்லை, யாரும் ஆள் அனுப்பிக் கேட்க முடியாத இடத்தில் இருப்பேன். முன்வரிசையில் நாற்காலி போட்டிருப்பார்கள், அதை எடுத்துவிடச் சொல். காலியாக விட்டால் நாற்காலியைப் பார்த்துத் தூக்குவார்கள், நம் ஆட்களை எனக்குத் தெரியும்.

இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை, கண்ணு. நீ தோற்றுவிடலாம். நான் வந்து உட்கார்ந்தால் ஜெயிக்கிற பிள்ளையை, வராமல் இருந்து தோற்க விடுகிறேன். பெற்ற அப்பனே கைவிட்டான் என்று ஊர் பேசும், நீயும் நினைப்பாய். இந்தக் கை யாருக்குத் தூக்க ஆசைப்படுகிறது என்று கேட்கிறாயா? உனக்குத்தான். நீ முதல் முதலாகப் பள்ளிக்கூடம் போனபோது உன் விரலைப் பிடித்துக்கொண்டு போன கை, வேறு யாருக்கு ஆசைப்படும்? நீ தோற்றுவிடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, பசியில்லை என்று சொன்னது வீம்புக்கு இல்லை. இவ்வளவு ஆசை இருக்கிறதே, அதனால்தான் அங்கே இருக்கக் கூடாது என்று போகிறேன். இருந்தால் தூக்கிவிடுவேன்.

சில விஷயம் சொல்லிவிடுகிறேன். கை தூக்குகிற நேரத்தில் நீ முன்னால் நின்று யார் தூக்குகிறார்கள், யார் தூக்கவில்லை என்று பார்க்காதே. திரும்பி நில், முகத்தை மரத்தின் பக்கம் வைத்துக்கொள். நாகப்பனிடமும் அப்படியே நிற்கச் சொல், ஒத்துக்கொள்வான். ஜெயித்தால், உன்னை எதிர்த்து வாய் திறக்கிற ஒருவனாவது உன் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள். அவன் பேசும்போது உனக்கு எரிச்சல் வரும், எனக்கு நாகப்பன் மேல் வந்த மாதிரி. வரட்டும். தோற்றால், சாயங்காலமே கீழ்த்தெருவுக்குப் போய்க் கிணற்றை எங்கே வெட்டலாம் என்று நாகப்பனோடு நின்று பார். வாத்தியார் வேலை போனது போனதுதான், வேறு வேலை தேடலாம், நான் இருக்கிறேன். எப்படியானாலும் அந்தப் படத்தை மறுபடி சுவரில் மாட்டு. இந்தத் தடவை நாகப்பனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு சொல்லிக்கொடு. அவனுக்குத் தெரிந்ததை அவனும் சொல்வான், தொழிற்சாலையில் சங்கத் தேர்தலை எப்படி நடத்துகிறார்கள் என்று.

உன் அம்மா என்னோடு வரவில்லை. அவளுக்கும் ஓட்டு இருக்கிறது, போட்டுவிட்டுத்தான் மறுவேலை என்கிறாள். போன தடவை பெண்கள் யாரும் மைதானத்துக்கு வரவே இல்லை, எனக்கு அது வித்தியாசமாகவும் படவில்லை. "பையனுக்குத்தானே தூக்குவே?" என்று கேட்டேன். துணியை மடித்துக்கொண்டே, "அதை உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்றாள். முப்பது வருஷமாக என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவளின் மனது எந்தப் பக்கம் என்று எனக்கு இன்றைக்குத் தெரியவில்லை. உன்னைத் தோற்கடிக்கவும் அவளுக்கு மனம் வராது, என்னைப் போல் ஓடவும் மாட்டாள். கேட்டுப் பார், உனக்கும் சொல்ல மாட்டாள்.

நான் விடிகாலைப் பஸ்ஸில் கிளம்புகிறேன். நாகப்பன் வழக்கமாகப் போகிற பஸ்தான், நாளைக்கு அவன் லீவு போட்டிருப்பதால் அவன் இடம் காலியாக இருக்கும். உன் மாமன் வீட்டுக்குப் போவதாக ஊருக்குச் சொல்லிக்கொள். உண்மையில் எல்லை தாண்டினதும் அத்திப்பள்ளியில் இறங்கிவிடுவேன். அங்கே பஸ் நிற்கிற இடத்தில் ஒரு காபி ஓட்டல் இருக்கிறது, எந்நேரமும் கூட்டம். கவுண்டர் என்று யாருக்கும் தெரியாது. இங்கே மைதானத்தில் அதிகாரி உன் பெயரைச் சொல்கிற நேரத்தில், அங்கே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காபிக்காகக் கையைத் தூக்குவேன். நன்றாக, உயரமாகத் தூக்குவேன். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட என்னோடு சேர்ந்து தூக்க மாட்டார்கள்.

காபி வருகிறவரை அது உனக்காகத் தூக்கிய கை என்று வைத்துக்கொள்.

உன் அப்பா